போர்வெல் தண்ணியில ஃப்ளோரைடு: இறுதியாண்டு புராஜெக்டுக்கு நல்கொண்டா முறையா, ஆக்டிவேட்டட் அலுமினாவா?

பாலக்கோடு_சிவில் கேட்டது:

வணக்கம். சிவில் மூன்றாம் ஆண்டு. அடுத்த செமஸ்டர் தொடக்கத்துல புராஜெக்ட் தலைப்பு கொடுக்கணும், டீம்ல நாலு பேர். பாலக்கோடு, காரிமங்கலம் சுத்துவட்டாரத்துல பத்துப் பதினஞ்சு போர்வெல் தண்ணி எடுத்து ஃப்ளோரைடு பார்த்து, அதைக் குறைக்கிற வழியை லேப்ல செஞ்சு காட்டணும்னு யோசனை.

லேப்ல ஆறு துடுப்பு ஜார் டெஸ்ட் மெஷின் (ஆறு ஜார்ல வேற வேற டோஸ் போட்டு ஒரே வேகத்துல கலக்கிப் பார்க்கிறது), பிஹெச் மீட்டர், கண்டக்டிவிட்டி மீட்டர், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இருக்கு. ஃப்ளோரைடை நேரா அளக்கிற எலக்ட்ரோடு கிடையாது. சீனியர் பேட்ச் ஒண்ணு புளியங்கொட்டைக் கரியில 95 சதவீதம் எடுத்ததா ரிப்போர்ட் வச்சிருக்காங்க, அதையே வேற ஒரு தோல், கொட்டை வச்சுப் பண்ணலாமான்னு டீம்ல பேச்சு. எனக்கு நல்கொண்டா முறை (சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுப் படிய வைக்கிறது) இல்லன்னா ஆக்டிவேட்டட் அலுமினா (ஃப்ளோரைடைப் பிடிச்சு வைக்கிற அலுமினிய ஆக்சைடு மணிகள் வழியாத் தண்ணியை விடுறது) பண்ணணும்னு இருக்கு. எதை எடுக்கலாம், டோஸ் எங்கிருந்து தொடங்குறது, எங்கெங்க தப்பு வரும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. இன்னொண்ணு, இதே துறையில எம்.இ. போகணும்னா கேட் (GATE) நுழைவுத் தேர்வுல எந்தப் பேப்பர் எழுதுறது?

உப்புத்தண்ணி:

தம்பி, முதல்ல அந்த 95 சதவீதத்தைப் பிரிச்சுப் பாருங்க. அந்த மாதிரி ரிப்போர்ட்ல முக்கால்வாசி, டிஸ்டில்டு வாட்டர்ல சோடியம் ஃப்ளோரைடைக் கரைச்சு, லிட்டருக்கு 10 கிராம் கரியைப் போட்டுக் குலுக்கி எடுத்த எண்ணாத்தான் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர்ல ஃப்ளோரைடுக்குப் போட்டியே இல்லை. நம்ம ஊர் போர்வெல்ல நிலைமை வேற. ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்குற சக்தி, இங்க பெரும்பாலும் பைகார்பனேட்) கால்சியம் கார்பனேட் கணக்குல 450 மி.கி/லி இருக்கிற தண்ணியை எடுத்துக்கங்க, அது லிட்டருக்கு 9 மில்லி ஈக்விவலன்ட் (அயனிகளை மின்சுமைக் கணக்குல சொல்ற அலகு). ஃப்ளோரைடு 3 மி.கி/லி இருந்தா வெறும் 0.16. ஒரு ஃப்ளோரைடுக்கு ஐம்பது, அறுபது பைகார்பனேட் முட்டி மோதுது. டிஸ்டில்டு வாட்டர்ல 95 காட்டின கரி இங்க என்ன காட்டும்னு அந்த ரிப்போர்ட்ல ஒரு வரி இருக்கான்னு தேடிப் பாருங்க.

அதோட, லிட்டருக்கு 10 கிராம்னா 500 லிட்டர் டேங்குக்கு 5 கிலோ கரி. தோல், கொட்டையைச் சரியாக் கரியாக்காமப் போட்டா நிறமும் கரிமப் பொருளும் தண்ணியில இறங்கும். ஃப்ளோரைடைக் குறைச்சு சிஓடி-யை (கரிம மாசைக் காட்டுற அளவு) ஏத்திவிட்டுட்டு அதைக் குடிநீர்னு சொல்ல முடியாது.

இந்தப் பக்கம் ஏன் ஃப்ளோரைடு வருதுங்கிறதையும் ஒரு அத்தியாயமா வைங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டுமே கடினப் பாறைப் பகுதி: சார்னோகைட், நைஸ், கிரானைட். அதுல இருக்கிற பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட், ஃப்ளோரைட் மாதிரி கனிமங்கள்தான் மூலம். ஆனா பாறை மட்டும் போதாது. தண்ணி காரமா இருந்து, கால்சியம் கம்மியா இருந்தாத்தான் ஃப்ளோரைடு கரைசல்ல நிக்கும். கால்சியம் நிறைய இருந்தா கால்சியம் ஃப்ளோரைடாப் படிஞ்சிடும். அதனால ஃப்ளோரைடை மட்டும் அளந்துட்டு நிறுத்தாதீங்க. கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம், குளோரைடு, சல்பேட், ஆல்கலினிட்டி எல்லாம் எடுத்து, மில்லி ஈக்விவலன்ட்ல மாத்தி, நேர்மின், எதிர்மின் கூட்டுத்தொகை வித்தியாசம் 5 சதவீதத்துக்குள்ள வருதான்னு பாருங்க. வரலைன்னா ஏதோ ஒரு டைட்ரேஷன் தப்பு. சோடியம், பொட்டாசியத்துக்கு ஃப்ளேம் போட்டோமீட்டர் கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட்ல கேட்டா கிடைக்கும்.

சாம்பிள் எடுக்கறப்ப ஒரு விஷயம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-ல பயன்பாட்டுக்கு வந்த பிறகு, ஒரே மேல்நிலைத் தொட்டியில காவேரித் தண்ணியும் போர்வெல் தண்ணியும் சேர்ந்து விழுற ஊர் இருக்கும். தெருக்குழாயில பிடிச்சா அது கலவை, அன்னைக்கு எந்த மோட்டார் ஓடுச்சோ அதுக்குத் தக்க மாறும். போர்வெல் டெலிவரி பைப்லயே பிடிங்க. மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பிஹெச், கண்டக்டிவிட்டி, வெப்பநிலை அங்கேயே எடுத்து, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் நிறைய, காத்து இடைவெளி இல்லாம மூடிக் கொண்டுவாங்க. ஃப்ளோரைடு நாலு வாரம் வரைக்கும் அசையாது. ஆல்கலினிட்டியை மறுநாளுக்குள்ள முடிச்சிடுங்க. மே மாசம் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு ஜனவரியில ஒரு தடவை எடுத்தா ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும்.

நல்லவேளை, ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணை நுரையைத் தலைப்பா எடுக்கலை. பார்க்கப் பரபரப்பா இருக்கும். ஆனா மூலம் கர்நாடகப் பக்கம் இருக்கு, நீர்வரத்து நாளுக்கு நாள் மாறும். ஒரு செமஸ்டர்ல அதுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

பிப்பெட்:

மேல சொன்னவர் வேதியியலைச் சொல்லிட்டார், நான் அளவீட்டைச் சொல்றேன். இந்தத் தலைப்புல புராஜெக்ட் கெடுறதே இங்கதான்.

எலக்ட்ரோடு இல்லைன்னா ஸ்பேட்ன்ஸ் முறை, அதாவது ஒரு சாயம் வெளுக்கிறதை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர்ல பார்த்து ஃப்ளோரைடை அளக்கிறது. 50 மி.லி. சாம்பிள், 10 மி.லி. சிர்கோனில் ஆசிட் ஸ்பேட்ன்ஸ் ரீஏஜென்ட், 570 நானோமீட்டர். ஃப்ளோரைடு ஏற ஏற நிறம் வெளுக்கும், அதனால கிராஃப் கோடு கீழ்நோக்கி இறங்கும். ரெண்டு வால்யூமையும் பிப்பெட்லதான் அளக்கணும். ரீஏஜென்டுக்கே அடர் நிறம், மெஷரிங் சிலிண்டர்ல அரை மி.லி. கூடக்குறைய விழுந்தா அந்தப் பிழை அப்படியே ஃப்ளோரைடாக் கணக்காகும். முறையோட எல்லை 1.4 மி.கி/லி. நம்ம தண்ணி 3, 4 இருக்கும்னா 15 மி.லி. எடுத்து 50-க்கு நீர்த்துட்டுத்தான் வைக்கணும். நேரா வச்சு வர்ற எண்ணை கிராஃபை நீட்டிப் படிக்காதீங்க.

ஸ்டாண்டர்டுக்கு, காயவச்ச சோடியம் ஃப்ளோரைடு 221 மி.கி. ஒரு லிட்டர்ல கரைச்சா அது 100 மி.கி/லி ஃப்ளோரைடு. அதைப் பிளாஸ்டிக் பாட்டில்ல வைங்க. பத்து மடங்கு நீர்த்து வேலைக் கரைசல் செஞ்சு, 0-லிருந்து 1.4 வரைக்கும் 0.2 இடைவெளியில எட்டுப் புள்ளி. ரீஏஜென்ட் புதுசாக் கலக்குற ஒவ்வொரு தடவையும் இந்த எட்டையும் திரும்பப் போடணும்.

இப்ப முக்கியமான பொறி. நல்கொண்டா முறையில சுத்திகரிச்ச தண்ணியில கொஞ்சம் அலுமினியம் கரைஞ்சு மிஞ்சும். அலுமினியம் ஃப்ளோரைடைப் பிடிச்சு வச்சுக்கும், ஸ்பேட்ன்ஸ் அதைப் பார்க்காது, ரீடிங் குறைவாக் காட்டும். நீங்க ‘ஃப்ளோரைடு போயிடுச்சு’ன்னு எழுதுவீங்க, அது போயிருக்காது, ஒளிஞ்சிருக்கும். ரீஏஜென்ட் கலந்த உடனே படிச்சா 0.1 மி.கி/லி அலுமினியமே பிழை தரும். ரெண்டு மணி நேரம் கழிச்சுப் படிச்சா 3 மி.கி/லி வரைக்கும் தாங்கும். ஆகவே காத்திருங்க. ஸ்டாண்டர்டுகளையும் அதே நேரம் காக்க வச்சு, அதே வெப்பநிலையில படிங்க. சந்தேகம்னா சாம்பிளை டிஸ்டில் பண்ணிட்டு அளக்கிறதுதான் முறையான வழி.

இன்னொண்ணு, ஜார் டெஸ்ட்ல பிளீச்சிங் பவுடர் போடாதீங்க. நல்கொண்டா முறையில கிருமிநீக்கத்துக்காக அது உண்டுதான், ஆனா மிச்ச குளோரின் ஸ்பேட்ன்ஸ் சாயத்தையே வெளுத்துடும். அதைச் சரிக்கட்ட ஆர்சனைட் போடணும், அது விஷம். குளோரின் வேலையைத் தனி அத்தியாயமா வச்சுக்கங்க.

எலக்ட்ரோடு கடன் கிடைச்சா ரொம்ப நல்லது. சாம்பிளும் டிசாப் பஃபரும் (பிஹெச்சையும் அயனிச் செறிவையும் நிலையா வைக்கிற கரைசல்) சம அளவு, டிசாப்ல சிடிடிஏ சேர்ந்த வகையா இருக்கணும், அதுதான் அலுமினியத்துக்கிட்ட இருந்து ஃப்ளோரைடைப் பிடுங்கி விடும். ஃப்ளோரைடு பத்து மடங்கு ஏறினா 54 முதல் 60 மில்லிவோல்ட் சரிவு வரணும். வரலைன்னா எலக்ட்ரோடோ ஸ்டாண்டர்டோ சரியில்லை.

எந்த முறையானாலும், சுத்திகரிச்ச சாம்பிள்ல 1 மி.கி/லி ஃப்ளோரைடைச் சேர்த்து அளந்து பாருங்க. 0.9-லிருந்து 1.1 வரைக்கும் கூடுதலாத் திரும்ப வரணும். 0.6 வந்தா அலுமினியம் தின்னுட்டிருக்குன்னு அர்த்தம். பத்துக்கு ஒரு சாம்பிளைக் குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல கட்டணம் கட்டிக் கொடுத்து ஒப்பிட்டுக்கங்க. வைவாவுல வர்ற முதல் கேள்விக்குப் பதில் அதுலயே இருக்கு.

பாலக்கோடு_சிவில்:

ரொம்ப நன்றிங்க. தம்பி இல்லைங்க, தங்கச்சி 🙂 டீமே நாங்க நாலு பொண்ணுங்கதான். கரி ஐடியாவை விட்டாச்சு. நல்கொண்டா டோஸ் எதுலருந்து தொடங்குறதுன்னு சொல்லுங்க. படிகாரம் நாட்டு மருந்துக் கடையில வாங்கினா ஆகுமா?

ஓவர்ஹெட்_டேங்க்:

நாட்டு மருந்துக் கடைப் படிகாரம் வேண்டாம்மா. அங்க கிடைக்கிறது பெரும்பாலும் பொட்டாஷ் படிகாரம், அதுல அலுமினியம் 5.7 சதவீதம்தான். நல்கொண்டா அட்டவணை அலுமினியம் சல்பேட்டுக்குப் போட்டது, அதுல 8 முதல் 9 சதவீதம். கடைப் படிகாரத்தை அட்டவணை டோஸ்ல போட்டா மூணுல ஒரு பங்கு அலுமினியம் குறையும், ‘முறை வேலை செய்யலை’ன்னு முடிவு எழுதிடுவீங்க. லேப் ரீஏஜென்ட் அலுமினியம் சல்பேட் வாங்குங்க (இனிமே நான் படிகாரம்னு சொல்றது இதைத்தான்), பாட்டில் மேல எத்தனை நீர்மூலக்கூறுன்னு பார்த்து ரிப்போர்ட்ல எழுதுங்க.

நல்கொண்டா முறையைக் கொண்டுவந்தது நாக்பூர் நீரி (தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்). அவங்க அட்டவணையில டோஸ் ரெண்டு விஷயத்தைப் பொறுத்தது: ஃப்ளோரைடு, ஆல்கலினிட்டி. ஃப்ளோரைடு 3, ஆல்கலினிட்டி 200 இருந்தா லிட்டருக்குச் சுமார் 300 மி.கி. அதே 3-க்கு ஆல்கலினிட்டி 400 ஆனா சுமார் 400 மி.கி. ஃப்ளோரைடு 5, ஆல்கலினிட்டி 500-னா கிட்டத்தட்ட 700. ஆல்கலினிட்டி கூடக்கூட டோஸ் ஏன் ஏறுதுன்னா, தண்ணி பிஹெச்சை இறங்க விடாது. அலுமினியம் ஹைட்ராக்சைடு ஃப்ளோரைடை நல்லாப் பிடிக்கிறது 7-க்குக் கீழே, ஆறு ஆறரையில. 1 மி.கி. படிகாரம் சுமார் 0.5 மி.கி. ஆல்கலினிட்டியைத் தின்னும், 400 போட்டா 200 குறையும். படிகாரத்துல ஒரு பகுதி வெறும் ஆசிட் வேலைக்குத்தான் போகுது.

சுண்ணாம்பு, படிகாரத்துல இருபதுல ஒரு பங்கு, 400-க்கு 20 மி.கி. அட்டவணைப்படி சுண்ணாம்பு முதல்ல, படிகாரம் அப்புறம். ஆனா ஆல்கலினிட்டி ஏற்கெனவே 400 இருக்கிற தண்ணிக்குச் சுண்ணாம்பு தேவையான்னு ஒரு கேள்வி இருக்கு பாருங்க, அதைச் சோதிச்சாலே உங்க புராஜெக்ட்ல புதுசா ஒரு பக்கம் கிடைச்சிடும். ஒரு செட் சுண்ணாம்போட, ஒரு செட் இல்லாம.

படிகாரக் கரைசல் லிட்டருக்கு 100 கிராம் செய்யுங்க. 1 மி.லி. போட்டா லிட்டருக்கு 100 மி.கி. வழக்கமா லேப் மேனுவல்ல இருக்கிற 10 கிராம் கரைசல்ல 600 மி.கி. டோஸுக்கு 60 மி.லி. ஊத்தணும், தண்ணி நீர்த்துப் போயே 3 மி.கி. ஃப்ளோரைடு 2.83 ஆயிடும். அது படிகாரம் செஞ்ச வேலை இல்லை.

ஆறு ஜார்ல ஒண்ணு டோஸே இல்லாம, மத்த அஞ்சும் 200, 300, 400, 500, 600. எல்லாத்துலயும் ஒரு லிட்டர். 100 ஆர்பிஎம்ல ஒரு நிமிஷம், 25 ஆர்பிஎம்ல இருபது நிமிஷம், நிறுத்தி ஒரு மணி நேரம். அஞ்சு ஜாருக்கும் டோஸ் ஒரே சமயத்துல விழணும், சிரிஞ்சை ஆளுக்கொண்ணா, ஒருத்தர் மட்டும் ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கங்க, நாலு பேர் இருக்கீங்களே. மேல் தண்ணியை மேல் மட்டத்துல இருந்து மூணு விரல் கீழ பிப்பெட்ல உறிஞ்சி, வாட்மேன் 42-ல வடிகட்டி அளங்க. ஃப்ளாக் (திரண்டு வர்ற படிவு) பஞ்சு மாதிரி மிதந்துக்கிட்டே இருந்தா மெதுவாக் கலக்குற வேகம் அதிகம்னு அர்த்தம், ரெண்டாவது சுத்துல 20-க்கு இறக்குங்க.

ஃப்ளோரைடு எந்த டோஸ்ல 1.0-க்குக் கீழ வருதுன்னு பாருங்க. ஐஎஸ் 10500 (இந்தியக் குடிநீர்த் தரம்) அளவு 1.0, வேற நீராதாரம் இல்லைன்னா 1.5. ஆனா அதோட முடிச்சுடாம இன்னும் மூணு எண்ணை அதே பக்கத்துல வைங்க. பிஹெச் 6.5-க்கு மேல இருக்கா. அலுமினியம் 0.03-க்குள்ளயா, அதிகபட்சம் 0.2-க்குள்ளயாவது வருதா (இதை எரியோகுரோம் சயனைன் முறையில அளந்தா ஃப்ளோரைடு குறுக்கே வந்து குறைவாக் காட்டும், ரெண்டு மூணு சாம்பிளை, உலோகங்களை அளக்கிற ஐசிபி கருவி இருக்கிற லேபுக்கு அனுப்புறது நல்லது). மூணாவது சல்பேட், இதை யாரும் எழுதறதே இல்லை. 400 மி.கி. படிகாரம் போட்டா சுமார் 180, 190 மி.கி. சல்பேட் கூடும். மூலத் தண்ணியிலயே 80 இருந்தா 200 எல்லை தாண்டிடுச்சு. 700 போட்டா 300-க்கு மேல கூடும், அனுமதி எல்லை 400-ஐ நெருங்கும். ஃப்ளோரைடு அதிகமான தண்ணிக்கு நல்கொண்டா முறை ஏன் ஓரளவுக்கு மேல போக முடியாதுங்கிறதுக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

கசடு: 400 மி.கி. படிகாரத்துக்கு உலர் எடையில லிட்டருக்குச் சுமார் 100 மி.கி. நாளுக்குப் பத்தாயிரம் லிட்டர் எடுக்கிற ஊருக்கு ஒரு கிலோ உலர் கசடு, ஒரு சதவீதம் திடப்பொருள்னா நூறு லிட்டர் கொழகொழன்னு. படிகாரம் நாளைக்கு 4 கிலோ, மாசம் 120 கிலோ. அந்த நூறு லிட்டரை எங்க ஊத்துறது, 120 கிலோவை யார் அளந்து போடுறதுன்னு யோசிச்சா, ஊர்ல இந்த யூனிட் நின்னு போறதுக்குக் காரணம் கெமிஸ்ட்ரி இல்லைன்னு புரியும். அந்தக் கசடை டிஸ்டில்டு வாட்டர்ல பிஹெச் 5, 7, 9-ல ஒரு நாள் குலுக்கி, ஃப்ளோரைடு திரும்ப எவ்வளவு கசியுதுன்னு பாருங்க.

உப்புத்தண்ணி:

மன்னிக்கணும் தங்கச்சி.

அலுமினாவையும் ஒப்பிடணும்னா, நேரம் எவ்வளவு பிடிக்கும்னு முன்னாடியே கணக்குப் போட்டுட்டு இறங்குங்க. 25 மி.மீ. உள்விட்டம் இருக்கிற கண்ணாடிக் குழாய், 30 செ.மீ. உயரத்துக்கு அலுமினா, 0.4 முதல் 0.8 மி.மீ. பருமன் இருக்கிற மணிகள். கொள்ளளவு 147 மி.லி., எடை கிட்டத்தட்ட 120 கிராம். நிமிஷத்துக்கு 10 மி.லி. விட்டா தொடுநேரம் (தண்ணி அலுமினாவைக் கடக்க ஆகுற நேரம்) 15 நிமிஷம். நம்ம பைகார்பனேட் தண்ணியில கிராமுக்கு ஒண்ணரை மி.கி. ஃப்ளோரைடு பிடிக்கும்னு வச்சுக்கிட்டா மொத்தம் 180 மி.கி., அதாவது 3 மி.கி/லி தண்ணி 60 லிட்டர். நிமிஷத்துக்கு 10 மி.லி.ல அது நாலு நாள், ராத்திரி பகல் ஓடணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு லேபைப் பூட்டிட்டு, காலையில திரும்பத் திறந்து விட்டீங்கன்னா, இடைவேளையில ஃப்ளோரைடு மணிக்குள்ள ஊறிப் பரவி, முதல் சாம்பிள் பொய்யா நல்லா வரும். கிராஃப் பல்லு மாதிரி ஏறி இறங்கும். ஒண்ணு தொடர்ந்து ஓட்டுங்க, இல்லைன்னா குழாய் உயரத்தைக் குறைச்சு ஒரு நாளைக்குள்ள முடியிற மாதிரி வைங்க. 60 லிட்டரும் ஒரே கிணத்துத் தண்ணி, ஒரே நாள் பிடிச்சதா இருக்கணும்.

ஒரு ஓட்டம் தண்ணி இருக்கிற பிஹெச்லயே, இன்னொண்ணு ஆசிட் விட்டு 5.5-க்கு இறக்கி. ரெண்டுக்கும் வர்ற வித்தியாசமே இந்த அலுமினா விவகாரத்தோட சாரம். தீர்ந்த அலுமினாவை 1 சதவீத காஸ்டிக் சோடாவுல ஊறவச்சு, கழுவி, நீர்த்த கந்தக அமிலத்தால நடுநிலையாக்கித் திரும்ப ஓட்டலாம். அந்தக் காஸ்டிக் கழிவுலதான் ஃப்ளோரைடு முழுக்கச் சேர்ந்திருக்கும், சிங்க்ல ஊத்திடாதீங்க.

ஒப்பீட்டுல மூணாவதா, போர்வெல் தண்ணியைக் காவேரித் தண்ணியோட கலக்குறதையும் சேருங்க, செலவே இல்லாத வழி அது. காவேரித் தண்ணியில 0.4, போர்வெல்ல 3.5-னு வச்சுக்கிட்டா, 1.0 வரணும்னா போர்வெல் பங்கு 19 சதவீதம், அஞ்சுல ஒண்ணு. கூட்டுக்குடிநீர் வர்ற ஊர்ல படிகாரத்தை விட வால்வைச் சரியா வைக்கிறதுதான் சுத்திகரிப்பு. அதுக்கு ஒரு பக்கம் போதும், ஆனா அது இல்லாம ஒப்பீடு நேர்மையா இருக்காது.

கிண்டி_பழசு:

எம்.இ. கேள்விக்கு மட்டும். கேட்ல சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்குன்னு இஎஸ் பேப்பர் 2021-லிருந்து தனியா இருக்கு. ஆனா சிவில் படிச்சவங்க சிஇ (சிவில் பேப்பர்) எழுதுறதுல நஷ்டம் இல்லை, அதுலயும் சுற்றுச்சூழல் பகுதி உண்டு, ஐஐடி, என்ஐடி-ல எம்.டெக். சுற்றுச்சூழலுக்குப் பெரும்பாலும் எடுத்துக்குவாங்க, ஸ்ட்ரக்சர்ஸ், ஜியோடெக் கதவும் திறந்திருக்கும். ஹைட்ராலிக்ஸ், சாயில் எல்லாம் உங்களுக்கு வராது, கெமிஸ்ட்ரியும் சூழலியலும் பிடிக்கும்னா மட்டும் இஎஸ். ஐஐடி மெட்ராஸ், என்ஐடி திருச்சி, மாநிலத்துல கிண்டி பொறியியல் கல்லூரி, கோவை ஜிசிடி எல்லாத்துலயும் இந்தப் படிப்பு இருக்கு. மாநில ஒதுக்கீட்டுக்கு கேட் மதிப்பெண் இல்லாதவங்களுக்கு 2023-லிருந்து சீட்டா-பிஜி தேர்வு. டான்செட்னு பழைய பதிவுகள்ல இருக்கிறதைப் பார்த்துக் குழம்பிடாதீங்க, எம்.இ.க்கு இப்ப அது இல்லை.

எம்.இ. முதல் செமஸ்டர்ல தடுமாறுறவங்க பெரும்பாலும் கார்பனேட் சமநிலையிலயும் மில்லி ஈக்விவலன்ட்லயும்தான் தடுமாறுறாங்க. மேல உப்புத்தண்ணி சொன்ன அயனிச் சமநிலையைப் பதினஞ்சு கிணத்துக்கும் கையால போட்டு, படிகாரம் போட்ட பிறகு பிஹெச் எவ்வளவு இறங்கணும்னு கணக்குல எடுத்து, மீட்டர் காட்டுறதோட ஒப்பிடுங்க. மீட்டர் கணக்கை விடக் கொஞ்சம் மேல காட்டும், கலக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறிடும்ல. எவ்வளவு மேலன்னு விளக்க முடிஞ்சா அந்த ரெண்டு பாடத்துல பாதி தாண்டியாச்சு.

பாலக்கோடு_சிவில்:

எல்லாருக்கும் நன்றி. தலைப்பை நல்கொண்டா, அலுமினா, கலப்பு மூணோட ஒப்பீடுன்னு மாத்திக் கொடுக்கப் போறோம். அலுமினா ஓட்டத்துக்கு ராத்திரி லேப் அனுமதி கிடைக்காதுன்னு நினைக்கிறேன். குழாய் உயரத்தை எவ்வளவு குறைக்கலாம்?

உப்புத்தண்ணி:

7 செ.மீ. வச்சா 28 கிராம் வரும், 42 மி.கி. ஃப்ளோரைடு, 14 லிட்டர், நிமிஷத்துக்கு 10 மி.லி.ல கிட்டத்தட்ட 23 மணி நேரம். அதுவும் ராத்திரியைத் தாண்டுது, தொடுநேரமும் மூணரை நிமிஷமாச் சுருங்கிடும், ஃப்ளோரைடு பிடிபடாம சீக்கிரமே வெளிய வந்துடும். அதைவிட 10 மி.மீ. விட்டக் குழாய், 0.4 மி.மீ. மணி மட்டும் சலிச்சு எடுத்து (விட்டம் மணியை விட இருபது மடங்காவது இருக்கணும், இல்லைன்னா தண்ணி ஓரமா ஓடிடும்), 15 செ.மீ. உயரம், 9 கிராம். ஃப்ளோரைடை 10 மி.கி/லி-க்கு ஏத்திவிட்டு, நிமிஷத்துக்கு 2.5 மி.லி. விட்டா ஒன்பது, பத்து மணி நேரத்துல முடியும், தொடுநேரம் அஞ்சு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கீழ. ஏத்தறதை டிஸ்டில்டு வாட்டர்ல இல்லாம அதே போர்வெல் தண்ணியில சோடியம் ஃப்ளோரைடு சேர்த்து ஏத்துங்க, அதை ரிப்போர்ட்லயும் எழுதுங்க. காலை எட்டு மணிக்கு லேப் திறக்க வாட்ச்மேன்கிட்ட இப்பவே பேசி வச்சுடுங்க.